கல்லுக்குள்ள ஒரு பயணம்

திருவாதவூர்னா மாணிக்கவாசகர் ஞாபகம் வரும். அங்கே ஓவாமலைன்னு ஒரு குன்று. பாறையில தமிழி எழுத்து. எழுத்தைப் படிச்சிட்டோம். பாறையைப் படிச்சோமா?

மனுசன் போட்ட ஆழமான துளையே சுமார் 12 கிலோமீட்டர்தான். அதுக்குக் கீழே? சில எரிமலைக் குழம்பு 150 கிலோமீட்டருக்கும் கீழிருந்து வேகமா மேலே வரும். வர்ற வழியில பாறைத் துண்டுகளைப் பெயர்த்துத் தூக்கிட்டு வந்துடும். அந்த அந்நியக் கல்தான் செனோலித். ஆந்திராவின் வஜ்ரகரூர்ல, சுமார் 110 கோடி வருஷப் பழசான கிம்பர்லைட்ல இது கிடைக்குது. அதிலுள்ள கார்னெட், பைராக்சீன் தாதுக்களை அளந்தா, எந்த ஆழத்துல, எவ்வளவு சூட்டுல இருந்துச்சுன்னு தெரியும்.

மதுரைப் பக்கம் கதை வேற. சுமார் 55 கோடி வருஷம் முன்னாடி கண்டங்கள் மோதி எழுந்த மலைத்தொடரோட மேல்பகுதி அரிச்சுப் போய், வேரே வெளியே வந்துடுச்சு. கெங்குவார்பட்டிப் பாறைகள் 900 டிகிரிக்கு மேல வெந்தவை. ஆனா இது மேலோடுதான். அதுக்கும் கீழே இருக்கிற மேன்டிலைக் கையில எடுத்துப் பார்க்கணும்னா, செனோலித் மாதிரி சாட்சி வேணும்.

2024-ல பக்கத்து அரிட்டாபட்டியைச் சேர்த்து டங்ஸ்டன் சுரங்க ஏலம் வந்தப்போ, சுனைக்காகவும் கல்வெட்டுக்காகவும் ஊரே நின்னுச்சு. 2025 ஜனவரியில ஏலம் ரத்தாச்சு. அடுத்த தடவை பாறைக்காகவும் பேசுவோம். ஜல்லியாயிட்டா, அதை யாரும் திரும்பப் படிக்க முடியாது.