ஏப்பத்தில் போகும் தீனி



மாடு வைக்கோலைத் தின்கிறது. செரிப்பதோ அதன் முதல் வயிற்றிலுள்ள நுண்ணுயிர்கள். அவை தீனியைப் புளிக்க வைக்கும்போது ஹைட்ரஜன் கிளம்பும். அது தேங்கினால் செரிமானம் மந்தப்படும். அந்த ஹைட்ரஜனைக் கரியமில வாயுவோடு சேர்த்து மீத்தேனாக்கிப் பிழைக்கும் உயிர்கள் ஆர்க்கியா என்ற வகையைச் சேர்ந்தவை. பாக்டீரியா என்றே எண்ணப்பட்டவை. வேறு வம்சமென்று 1977ல் அமெரிக்காவில் கார்ல் வோஸ், ஜார்ஜ் பாக்ஸ் இருவரும் காட்டினார்கள். நம் குடலிலும் உண்டு, சிரிக்காதீர்கள்!

மாட்டின் மீத்தேன் பெரும்பாலும் ஏப்பமாக வாய்வழியே போகிறது. கடன் வாங்கிப் போட்ட தீனியின் சக்தியில் நூற்றுக்கு 2 முதல் 12 பங்கு வரை இப்படி வீண். பாலாகவோ, ஏர் இழுக்கும் வலுவாகவோ வந்திருக்க வேண்டியது! வெறும் வைக்கோலில் கறக்கும் பாலுக்குப் படிக்குப் படி நஷ்டம் கூடுதல். பசுந்தீவனம் கலந்தால் குறையும். மேய்ச்சல் நிலமில்லாதவன் பசுந்தீவனத்துக்கு எங்கே போவான்?

சாணத்தைக் காற்றுப் புகாத குழியில் கரைத்து விட்டால் இதே வகை உயிர்கள் அங்கும் மீத்தேன் தரும். அது அடுப்பில் எரியும்.