கடற்பஞ்சும் கத்தியும்

குளிப்போர் உடல் தேய்க்கப் பயன்படுத்தும் கடற்பஞ்சு தாவரமன்று; வாயும் வயிறும் இல்லாத ஒரு விலங்கின் எலும்புக்கூடு. உயிரோடிருக்கையில் அது மேனியெங்குமுள்ள நுண்துளைகளால் நீரை உள்வாங்கி, அதிலுள்ள நுண்ணுயிர்களை வடித்துண்டு, எஞ்சிய நீரைப் பெருந்துளைகளால் வெளிவிடும்.

அமெரிக்காவின் புளோரிடாக் கரையிலே, கீ வெஸ்ற் மீனவர் அடியிற் கண்ணாடி பதித்த வாளியினூடே கடலடியை நோக்கி, நீண்ட கழியிற் பூட்டிய கொளுக்கியாற் பஞ்சைப் பிடுங்கி வந்தனர். 1905 இல் தார்ப்பன் ஸ்பிறிங்ஸ் துறைக்குக் கிரேக்கச் சுழியோடிகள் வந்து சேர்ந்தனர். அவர்தம் கனத்த பாதணிகள் இளம்பஞ்சுகளை மிதித்தழிக்கின்றன எனக் கொளுக்கிக்காரர் முறையிட்டனர். கொளுக்கி மாத்திரம் குற்றமற்றதா? அவ்வழக்கு ஓயுமுன்னரே, 1938, 1939 ஆம் ஆண்டுகளிற் பரவிய நோயொன்று அக்கடலின் பஞ்சுகளிற் பெரும்பகுதியை மாய்த்துவிட்டது.

பாறையில் அடிப்பாகம் எஞ்சுமாறு கத்தியால் அறுத்தால், அதிலிருந்து பஞ்சு மீண்டும் வளரக்கூடும். அடியோடு பிடுங்கினால் அவ்விடம் வெறுமையாகும். ஐந்து அங்குல விட்டத்துக்குக் குறைந்ததை எடுத்தலாகாது என்பது புளோரிடாச் சட்டம். அளவுகோல் சிறுபஞ்சைக் காக்கும். அடிக்கட்டையைக் காப்பது அறுப்பவன் கைதான். அது மீண்டும் தக்க பருமனடையச் சில ஆண்டுகள் செல்லும். கடலோ பொதுச்சொத்து, அன்று அதனை அறுப்பவன் வேறொருவனாகவும் இருக்கலாம். அதனை அறிந்தே சுழியோடி ஓரங்குலம் விட்டு அறுக்க வேண்டியிருக்கிறது.