கையெழுத்துக்கு முன் ஒரு கணக்கு



கம்ப்யூட்டர் சயின்ஸ் படித்தால் வேலை கிடைக்குமா என்று, பிளஸ் டூ முடித்த பிள்ளைகளை அழைத்து வந்திருக்கும் பெற்றோர்களில் பலர் வாசலிலேயே கேட்டீர்கள். கருத்தாகப் படிக்கிற பிள்ளைக்கு இன்றைக்கும் கிடைக்கிறது. நான் பேச வந்தது அந்தப் படிப்புக்கு எவ்வளவு கடன் வாங்கலாம் என்பதைப் பற்றி. அதைக் கேட்காமலே கடன் வாங்கிவிட்டு எத்தனையோ குடும்பங்கள் வருஷக்கணக்கில் திணறுவதைப் பார்க்கிறோம்.

இங்கேயே கணக்குப் போட்டுப் பார்ப்போம். மேனேஜ்மென்ட் கோட்டாவில் ஒரு தனியார் கல்லூரி. படிப்பு, விடுதி, புத்தகம் எல்லாம் சேர்த்து வருஷத்துக்கு இரண்டரை லட்சம் என்று வையுங்கள். நாலு வருஷத்துக்குப் பத்து லட்சம். முழுவதும் வங்கிக் கடன், வட்டி 10 சதவீதம். படிக்கும் காலத்திலும், முடித்து ஒரு வருஷம் வரையிலும் தவணை கட்ட வேண்டாம் என்பார்கள். உண்மைதான். ஆனால் பணம் கை மாறிய நாளிலிருந்தே வட்டி ஓடும். தனிவட்டியாகவே பார்த்தாலும், தவணை தொடங்கும்போது கடன் 13,50,000 ரூபாய் ஆகியிருக்கும். அதைப் பத்து வருஷத்தில் அடைக்க மாதம் ஏறத்தாழ 17,800 ரூபாய். மொத்தமாகக் கட்டி முடிப்பது 21 லட்சத்துக்கும் மேல்.

சரி, சம்பளம்? பெரிய மென்பொருள் நிறுவனங்கள் கல்லூரிகளில் கூட்டமாக ஆள் எடுக்கும்போது தருகிற தொடக்கச் சம்பளம், ஆண்டுக்கு மூன்றரை லட்சத்தை ஒட்டியே பல வருஷமாக நிற்கிறது. பி.எஃப். பிடித்தம் போகக் கைக்கு வருவது மாதம் 25,000 ரூபாய் போல. அதில் 17,800 வங்கிக்கு. மீதி 7,200 ரூபாயில் உங்கள் பிள்ளை சென்னை சோழிங்கநல்லூரில் அறை எடுத்துத் தங்கி, மூன்று வேளை சாப்பிட்டு, வேலைக்குப் போய்வர வேண்டும். ஊருக்கு என்ன அனுப்பும்? தங்கச்சி படிப்புக்கு என்ன கொடுக்கும்?

சம்பளம் ஏறாதா என்பீர்கள். திறமை இருந்தால் நன்றாகவே ஏறும். அதுவரை தவணை காத்திருக்காதே! 2023-ல் விப்ரோ நிறுவனம், ஆறரை லட்சம் என்று தேர்வு செய்து காக்க வைத்திருந்த புதியவர்களிடம், மூன்றரை லட்சத்துக்கு வரச் சம்மதமா என்று கேட்டது. 2025-ல் டி.சி.எஸ். சுமார் 12,000 பேரைக் குறைக்கப்போவதாக அறிவித்தது. துறையே போய்விட்டது என்று உங்களைப் பயமுறுத்த இதைச் சொல்லவில்லை. வேலையில் சேரும் தேதி தள்ளிப்போகலாம். தவணைத் தேதி தானாகத் தள்ளிப்போகாது.

அந்தக் கடனில் நீங்களும் கூட்டுக் கடன்தாரர், பெற்றோர்களே. ஏழரை லட்சத்தைத் தாண்டினால் பல வங்கிகள் சொத்துப் பிணை கேட்கும். வீட்டுப் பத்திரமும் காட்டுப் பத்திரமும் அங்கே போய்விடும். பிள்ளை தவணை தவறினால் கடன் நம்பகத்தைக் காட்டும் உங்கள் சிபில் மதிப்பெண்ணும் சேர்ந்தே இறங்கும்.

கல்லூரி விளம்பரப் பலகையில் 40 லட்சம் சம்பளம் என்று ஒரு மாணவர் சிரிப்பார். அது அந்த ஒருவருடைய சம்பளம். வேலை கிடைத்த எல்லோரையும் சம்பள வரிசையில் நிறுத்தினால் நடுவில் நிற்பவருக்கு எவ்வளவு என்று கேளுங்கள். மத்திய அரசின் என்.ஐ.ஆர்.எஃப். தரவரிசைக்கு விண்ணப்பிக்கும் கல்லூரிகள் இந்த விவரத்தைக் கொடுத்தாக வேண்டும். எத்தனை பேர் உரிய காலத்தில் தேறினார்கள், எத்தனை பேருக்கு வேலை கிடைத்தது என்பதும் அதில் உண்டு. கல்லூரியின் இணையதளத்திலேயே பார்க்கலாம். கல்லூரி தானே கொடுக்கும் கணக்கு, பிரிவுவாரியாகவும் இருக்காது. ஆனாலும் பலகையைவிட அதை நம்பலாம்.

பொறியியல் கலந்தாய்வில் அரசுக் கல்லூரியில் இ.சி.இ. (மின்னணுவியல், தொடர்பியல்) கிடைக்கிற பிள்ளையை, கம்ப்யூட்டர் சயின்ஸ் என்ற பெயருக்காகப் பத்து லட்சம் கடனில் தள்ளுவது தவறு. இதை நான் அழுத்தியே சொல்வேன். மென்பொருள் நிறுவனங்கள் மற்றப் பிரிவுகளிலிருந்தும் ஆள் எடுக்கின்றன. அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்கு 7.5 சதவீத ஒதுக்கீடு இருக்கிறது. அதில் சேர்ந்தால் கல்விக் கட்டணமும் விடுதிக் கட்டணமும் அரசே ஏற்கிறது. முதல் பட்டதாரி சலுகையும் கலந்தாய்வு இடத்துக்குத்தான்; மேனேஜ்மென்ட் கோட்டாவுக்குப் போனால் அதை இழப்பீர்கள். சென்னை ஐ.ஐ.டி. 2020-ல் தொடங்கிய டேட்டா சயின்ஸ் பட்டப்படிப்பை வீட்டிலிருந்தே படிக்கலாம். வருமானம் குறைந்த குடும்பங்களுக்குக் கட்டணச் சலுகை உண்டு. பிளஸ் டூ, டிப்ளமோ முடித்தவர்களுக்குக் கட்டணம் வாங்காமல், உதவித்தொகையும் கொடுத்துப் பயிற்சி தருகிறது ஸோஹோ மென்பொருள் நிறுவனம்.

கடனே வேண்டாம் என்று சொல்லவில்லை. கைக்கு வரக்கூடிய சம்பளத்தில் மூன்றில் ஒரு பங்குக்குள் தவணை அடங்க வேண்டும் என்கிறேன். நாம் போட்ட அதே கணக்கில் அது மொத்தம் நாலரை லட்சம் கடன், மாதம் 8,000 ரூபாய் தவணை. குடும்ப வருமானம் ஆண்டுக்கு நாலரை லட்சத்துக்குள் இருந்தால், படிப்புக் கால வட்டிக்கு மத்திய அரசின் மானியம் உண்டு. அது நீங்கள் பார்த்து வைத்திருக்கும் கல்லூரிக்குப் பொருந்துமா என்று சேருவதற்கு முன்பே வங்கியில் கேளுங்கள்.

இன்று இரவே பிள்ளையையும் பக்கத்தில் உட்காரவைத்து இந்தக் கணக்கைப் போடுங்கள். அடைக்கப்போவது அந்தப் பிள்ளை. அதற்குத் தெரியாமல் ஒரு ரூபாயும் எழுத வேண்டாம். கணக்கு ஒத்துவரவில்லை என்றால், யார் வற்புறுத்தினாலும் கையெழுத்துப் போடாதீர்கள்.