சொத்து பிரியலாம், சொந்தம் பிரிய வேண்டாம்

(ஒக்கலிபுரத்தில் நடைபெற்ற உறுப்பினர் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



இன்று எனக்குக் கொடுத்திருக்கும் தலைப்பு குடும்பச் சொத்து. நம்மவர் வீடுகளில் பெற்றோர் இருக்கும்போது இதைப் பேசினால் அபசகுனம் என்பார்கள். அவர்கள் போன பிறகு பேசினால் சண்டை வந்துவிடுகிறது. சுபஸ்வீகாரச் சாப்பாடு முடிந்து இலை எடுப்பதற்குள் பீரோ சாவி யாரிடம் என்ற கேள்வி எழுந்த வீடுகள் உண்டு. அதற்குப் பிறகு அண்ணன் வீட்டுக் கல்யாணத்துக்குத் தங்கை வருவதில்லை, தங்கை வீட்டு சஷ்டியப்தபூர்த்திக்கு அண்ணனுக்குப் பத்திரிகை போவதில்லை.

இந்தச் சண்டைகளில் பாதிக்கு மேல் பேராசையால் வருவதாக நான் நினைக்கவில்லை. சட்டம் மாறி எழுபது வருஷம் ஆகியும், நம் மனசில் இருக்கிற சட்டம் மாறவில்லை என்பதுதான் காரணம். எல்லா வீட்டிலும் திரும்பத் திரும்பக் கேட்கிற வாக்கியங்கள் நாலு. அவற்றை ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

முதல் வாக்கியம்: "பொண்ணுக்குத்தான் சீர் செனத்தி எல்லாம் பண்ணிக் கல்யாணம் பண்ணிக் கொடுத்தாச்சே, அவளுக்கு இன்னும் என்ன?"

இங்கே ஒரு வித்தியாசத்தைத் தெரிந்துகொள்ள வேண்டும். சுயார்ஜிதம் வேறு, பிதுரார்ஜிதம் வேறு. நம்மில் பலருடைய குடும்பங்கள் தஞ்சாவூர், சேலம், ஆற்காடு, பாலக்காடு என்று பல இடங்களிலிருந்து இந்த ஊருக்கு வேலைக்காக வந்தவை. ரயில்வே, ஹெச்.ஏ.எல்., ஐ.டி.ஐ., பாங்க் என்று முப்பது வருஷம் உழைத்து, பி.எஃப். பணத்தையும் கடனையும் போட்டு ஒரு சைட் வாங்கி வீடு கட்டினார்கள். அந்த வீடு அப்பாவின் சுயார்ஜிதம். அதைப் 'பூர்வீகச் சொத்து' என்று பேச்சுவழக்கில் சொன்னாலும் சட்டத்தில் அது பூர்வீகம் ஆகாது.

சுயார்ஜிதச் சொத்துள்ள ஒருவர் உயில் எழுதாமல் காலமானால் என்ன ஆகும் என்று 1956 ஜூன் 17 முதல் அமலில் இருக்கும் ஹிந்து வாரிசுரிமைச் சட்டம் தெளிவாகச் சொல்கிறது. மனைவி, பிள்ளைகள், பெண்கள், காலமானவரின் தாயார் ஆகிய எல்லோரும் முதல் வகுப்பு வாரிசுகள், எல்லோருக்கும் சம பங்கு. மனைவியும் இரண்டு பிள்ளைகளும் ஒரு பெண்ணும் இருந்தால் ஆளுக்கு நாலில் ஒன்று. பாட்டி உயிரோடிருந்தால் ஐந்தில் ஒன்று. பெண் கல்யாணமானவளா, சீர் எவ்வளவு, நகை எத்தனை பவுன் என்ற கணக்கெல்லாம் அதில் கிடையாது. பெண்ணுக்குப் பங்கு என்பது ஏதோ 2005-ல் வந்த புது வழக்கம் என்று பலர் நினைக்கிறார்கள். அப்பா சம்பாதித்துக் கட்டிய வீட்டைப் பொறுத்தவரை அது 1956-லிருந்தே உண்டு.

பிதுரார்ஜிதத்தின் கதை வேறு. தலைமுறை தலைமுறையாகப் பிரியாமல் வந்த கூட்டுக்குடும்பச் சொத்தில் பிள்ளைகளுக்கு மட்டுமே பிறப்பிலேயே பங்கு என்பது பழைய மிதாக்ஷரா முறை. தமிழ்நாடு 1989 மார்ச் 25 முதலும், கர்நாடகம் 1994 ஜூலை 30 முதலும் பெண்களுக்கும் அந்த உரிமையைக் கொடுத்தன. ஆனால் அந்தத் தேதிக்கு முன்பே கல்யாணமான பெண்களுக்கு இல்லை. அதாவது 1985-ல் கல்யாணமான அக்காவுக்கு ஊர் நிலத்தில் பங்கு கிடையாது, 1995-ல் கல்யாணமான தங்கைக்கு உண்டு என்று ஒரே வீட்டில் இரண்டு நியாயம். மத்திய அரசின் திருத்தச் சட்டம் 2005 செப்டம்பர் 9 அன்று அமலுக்கு வந்து, கல்யாணம் ஆனாலும் ஆகாவிட்டாலும் பெண்ணும் பிள்ளையும் சமம் என்றது.

அதோடு குழப்பம் தீரவில்லை. தீர்த்துவைத்த வழக்குகளில் இரண்டு நம் கர்நாடகத்திலிருந்து போனவை. பிரகாஷ் எதிர் பூலவதி வழக்கில் அப்பா 1988-ல் காலமானார், பெண் 1992-ல் வழக்குப் போட்டார். சட்டம் அமலான அன்று அப்பாவும் பெண்ணும் இருவருமே உயிரோடிருந்திருக்க வேண்டும் என்று 2015-ல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. தானம்மா வழக்கில் அப்பா 2001-லேயே காலமாகிவிட்டார். பெண்கள் 1956-க்கு முன் பிறந்தவர்கள், ஆகவே பங்கில்லை என்று கீழ்க்கோர்ட் சொன்னதை மாற்றி, தாயார், இரண்டு பிள்ளைகள், இரண்டு பெண்கள் ஆளுக்கு ஐந்தில் ஒன்று என்று அதே உச்ச நீதிமன்றம் 2018-ல் தீர்ப்பளித்தது. 2002-ல் தொடங்கிய வழக்கு, பதினாறு வருஷம் நடந்தது. கடைசியில் வினீதா சர்மா வழக்கில் மூன்று நீதிபதிகள் 2020 ஆகஸ்ட் 11 அன்று விஷயத்தை முடித்துவைத்தார்கள். பெண்ணுக்கு உரிமை பிறப்பால் வருவது, 2005-ல் அப்பா இருந்தாரா இல்லையா என்பது முக்கியமில்லை. 2004 டிசம்பர் 20-க்கு முன் ரிஜிஸ்டர் செய்த பாகப்பிரிவினையோ கோர்ட் டிக்ரியோ இருந்தால் மட்டும் அதைக் கலைக்க முடியாது. 'அந்தக் காலத்தில் வாயாலேயே பிரித்துக்கொண்டோம்' என்று சொன்னால் போதாது, அதற்கு அரசாங்க ஆவணங்கள் ஏதாவது சாட்சி சொல்ல வேண்டும்.

இரண்டாவது வாக்கியம்: "ஸ்ராத்தம் பண்றவன் நான்தானே? பிண்டம் போடறவனுக்குத்தானே சொத்து?"

இதைச் சொல்கிறவர்கள் சாஸ்திரத்தைத் துணைக்கு அழைக்கிறார்கள். சாஸ்திரத்தையே பார்ப்போமே. பிண்டம் கொடுப்பதால் வாரிசுரிமை என்பது வங்காளத்தில் வழங்கிய ஜீமூதவாஹனரின் தாயபாகக் கொள்கை. தென்னாட்டுக்கு அது பிரமாணம் இல்லை. நமக்குப் பிரமாணமான மிதாக்ஷரா, யாக்ஞவல்க்ய ஸ்மிருதிக்கு விக்ஞானேச்வரர் எழுதிய உரை. அவர் இருந்தது சாளுக்கியர் தலைநகரான கல்யாணத்தில், இன்றைய பீதர் ஜில்லா பஸவகல்யாணத்தில், அதாவது இதே கர்நாடகத்தில். ஸபிண்டர் என்ற சொல்லுக்கு ஒரே உடலின் அம்சத்தைப் பகிர்ந்துகொண்டவர் என்று, ரத்த சம்பந்தத்தை வைத்தே அவர் பொருள் சொன்னார். அந்த சம்பந்தம் பெண்ணுக்கும் உண்டல்லவா?

இன்னொன்றும் சொல்கிறேன். கல்யாணமாகாத சகோதரிகளுக்கு அண்ணன் தம்பிகள் கால் பங்கு கொடுக்க வேண்டும் என்று மனுவும் யாக்ஞவல்க்யரும் சொல்கிறார்கள். அது கல்யாணச் செலவுக்குத்தான் என்று வாதித்த உரையாசிரியர் உண்டு. விக்ஞானேச்வரர் அதை ஏற்கவில்லை, அது நிஜமான பங்கு என்றே சொன்னார். 1933-லேயே நம் மைசூர் சமஸ்தானம் ஒரு சட்டம் செய்து, பாகம் பிரிக்கும்போது தாயாருக்கும் கல்யாணமாகாத பெண்களுக்கும் பங்கு கொடுத்தது. ஆகவே பெண்ணுக்குக் கொடுப்பது சாஸ்திர விரோதம் என்று யாரும் மனசைக் குழப்பிக்கொள்ள வேண்டாம். ஸ்ராத்தம் பிள்ளையின் கடமை. அதைச் சிரத்தையோடு செய்வோம், அதற்குக் கூலி கேட்க வேண்டாம்.

மூன்றாவது வாக்கியம்: "தாத்தா சொத்து பேரனுக்குத்தான்."

தாத்தா சம்பாதித்த வீடு, அவர் உயில் எழுதாமல் போய், 1956 சட்டப்படி அப்பாவுக்குப் பங்காக வந்தால், அந்தப் பங்கு அப்பாவின் தனிச்சொத்து. அப்பா இருக்கும்போது பேரன் அதில் பங்கு கேட்க முடியாது. சந்தர் சென் வழக்கில் 1986-லேயே உச்ச நீதிமன்றம் சொன்ன விஷயம் இது. பேரன் பெயரைச் சொல்லி அத்தையின் பங்கை நிறுத்திவைப்பதற்குச் சட்டத்தில் இடமில்லை.

நாலாவது வாக்கியம், இது நம் ஊருக்கே உரியது: "கத்தா என் பேர்ல இருக்கு, டாக்ஸும் நான்தான் கட்டறேன்."

கத்தா என்பது வரி வசூலுக்காக மாநகராட்சி வைத்திருக்கும் கணக்கு. அது உரிமைப் பத்திரம் இல்லை. அப்பாவுக்குப் பிறகு மூத்த பிள்ளை பெயருக்குக் கத்தா மாறியதால் மற்றவர்களின் பங்கு போய்விடாது. பாங்க் டெபாசிட்டில் நாமினி என்று ஒருவர் பெயர் இருப்பதும் அப்படித்தான். நாமினி பணத்தை வாங்கி வாரிசுகளுக்குச் சேர்ப்பிக்க வேண்டியவர். ஷேர்களுக்கும் இதே விதிதான் என்று உச்ச நீதிமன்றம் 2023-ல் உறுதி செய்திருக்கிறது.

இப்படியெல்லாம் சொன்னால், கூடவே இருந்து அம்மாவைப் பார்த்துக்கொண்ட பிள்ளையும் மாட்டுப்பெண்ணும் ஏமாளிகளா என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. பத்து வருஷம் படுக்கையில் இருந்த மாமியாருக்குச் செய்தவளுக்கும், வருஷத்துக்கு ஒருமுறை அமெரிக்காவிலிருந்து வந்து போனவருக்கும் ஒரே பங்கு என்பது சட்டத்தின் கணக்கு. அந்தக் கணக்குக்கு நன்றி என்றால் என்னவென்று தெரியாது. அதைத் தெரிந்தவர்கள் பெற்றோர்கள்தான். அதைச் சொல்ல அவர்களுக்கு இருக்கும் வழி உயில்.

சுயார்ஜிதத்தை யாருக்கு எவ்வளவு வேண்டுமானாலும் எழுதலாம். இரண்டு சாட்சிகள் வேண்டும். ரிஜிஸ்டர் செய்வது கட்டாயமில்லை, செய்தால் நல்லது. சாட்சிகள் பங்கு பெறாதவர்களாகவும், நம்மைவிட வயதில் சிறியவர்களாகவும் இருப்பது உசிதம். யாருக்காவது குறைத்துக் கொடுத்தால் காரணத்தை ஒரு வரி எழுதிவிடுங்கள். காரணம் தெரியாத இடத்தில்தான் சந்தேகம் முளைக்கிறது. மனைவிக்கு ஆயுள் முழுவதும் அந்த வீட்டில் இருக்க உரிமை என்பதை முதலில் எழுதுங்கள். தந்தை போன பிறகு தாயாரை ஆறு மாதம் இங்கே, ஆறு மாதம் அங்கே என்று பங்கு போடுவதைப் போல் பாவம் வேறில்லை.

உயிரோடிருக்கும்போதே எல்லாவற்றையும் பிள்ளைகள் பெயருக்கு செட்டில்மெண்ட் எழுதிக் கொடுப்பதில் அவசரம் வேண்டாம். உயிலை மாற்றலாம், செட்டில்மெண்டை மாற்றுவது கஷ்டம். எழுதியே ஆக வேண்டும் என்றால், கடைசிவரை எங்களைப் பராமரிக்க வேண்டும் என்ற நிபந்தனையைப் பத்திரத்திலேயே சேருங்கள். 2007-ஆம் வருஷத்து மூத்த குடிமக்கள் சட்டத்தில், பராமரிக்காவிட்டால் அதை ரத்து செய்ய வழியிருக்கிறது.

உத்தியோகம் பார்க்கும் நம் பெண்களுக்கும் ஒரு வார்த்தை. குழந்தையும் கணவரும் இல்லாத ஒரு பெண் உயில் எழுதாமல் காலமானால், அவள் சுயமாகச் சம்பாதித்தது முதலில் போவது கணவரின் வாரிசுகளுக்கு. பெற்ற தாய் தகப்பனார் அதற்குப் பிறகுதான். 1955-ல் கல்யாணமாகி மூன்று மாதத்தில் கணவரை இழந்து, புக்ககத்தால் கைவிடப்பட்டு, பிறந்தகம் படிக்கவைத்து வேலைக்குப் போன ஒரு பெண்மணி 1996-ல் காலமானார். அவர் சேர்த்த பணம் தாயார் பக்கம் வரவில்லை, கணவருடைய சகோதரியின் பிள்ளைகளுக்கே போயிற்று. 2009-ல் உச்ச நீதிமன்றமே, சட்டம் அப்படித்தான் இருக்கிறது, அனுதாபத்தால் மாற்ற முடியாது என்றது. ஒரு பக்க உயில் இருந்திருந்தால் இந்த வழக்கே வந்திருக்காது.

கடைசியாக, உயில் இல்லாமலே ஏற்கெனவே அப்பா காலமாகிவிட்ட குடும்பங்களுக்கு. சம பங்கு என்பது சட்டம் கொடுக்கும் உரிமை. அதை அப்படியே வாங்கித்தான் ஆக வேண்டும் என்பதில்லை. பெண் தானாக விரும்பி, அம்மாவைப் பார்த்துக்கொண்ட அண்ணாவுக்கே இருக்கட்டும் என்று விடுதலைப் பத்திரம் எழுதிக் கொடுக்கலாம். அது வெள்ளைக் காகிதத்தில் போதாது, ரிஜிஸ்டர் ஆக வேண்டும். வெளிநாட்டில் இருப்பவர் இந்தியத் தூதரகத்தில் கையெழுத்திட்டு அதிகாரப் பத்திரம் அனுப்பலாம். ஆனால் ஒன்று, கேட்கிற விதம் இருக்கிறது. 'உனக்கு ஒன்றுமில்லை, இங்கே கையெழுத்துப் போடு' என்று சொன்னால் விட்டுக்கொடுக்க நினைத்தவளும் வக்கீலிடம் போவாள். 'உனக்குப் பங்கு இருக்கிறது, நீ என்ன நினைக்கிறாய்?' என்று கேட்டுப் பாருங்கள். எத்தனையோ சகோதரிகள் எதிர்பார்ப்பது பணத்தைவிட அந்தக் கேள்வியைத்தான்.

இந்த வருஷம் தீபாவளிக்கோ சமாராதனைக்கோ குழந்தைகள் ஊருக்கு வரும்போது, எல்லோரையும் உட்காரவைத்து, பத்திரம் எங்கே இருக்கிறது, யாருக்கு என்ன நினைத்திருக்கிறோம் என்று அரைமணி நேரம் பேசுங்கள். பெண்ணையும் மாட்டுப்பெண்ணையும் அந்தப் பேச்சில் சேர்த்துக்கொள்ளுங்கள். சந்தேகம் இருந்தால் பக்கத்தில் உள்ள நல்ல வக்கீல் ஒருவரைக் கேளுங்கள். வழக்குப் போடுவதற்கு முன்னால் கேட்பது செலவு குறைவு.