எந்தச் சக்கரம் வண்டியைத் தள்ளுகிறது?

தோட்டத்தை விட்டுப் பட்டணத்தில் வேலைக்குப் போன நம் பிள்ளைகளில் சிலர், கார் வாங்கும் காலம் வந்ததும் வேகமாக ஓடும் நான்கு கதவுக் காரையே தேடுகிறார்கள். பழைய பி.எம்.டபிள்யூ மூன்றாம் வரிசையா, சுபாரு டபிள்யூ.ஆர்.எக்ஸா என்று வீட்டில் பேச்சு நடக்கும். "சுபாருவுக்கு நாலு சக்கரமும் ஓடும்பா, மழையில வழுக்காது" என்பான் மகன். கடனுக்கு ஜாமீன் கையெழுத்துப் போடப்போகும் தகப்பனார் அந்தப் பேச்சை எவ்வளவு தூரம் நம்பலாம் என்பதை இன்று நாம் பார்ப்போம்.

சைக்கிளை நினைத்துக்கொள்ளுங்கள். நாம் மிதிக்கும் பலம் பின்சக்கரத்துக்குப் போகிறது. முன்சக்கரம் திரும்பும் வேலையைப் பார்க்கிறது. பின்சக்கர ஓட்டமுள்ள காரும் அப்படித்தான். டட்சன் 120ஒய் இந்த வகை. 1985இல் வந்த புரோட்டோன் சாகாவிலோ முன்சக்கரங்களே வண்டியை இழுத்தன. திரும்பும் வேலையும் அவற்றுக்குத்தான். பி.எம்.டபிள்யூ மூன்றாம் வரிசை 1975 முதல் பின்சக்கர அமைப்பைக் கைவிடாததற்குக் காரணம் உண்டு. கார் விருட்டென்று கிளம்பும்போது அதன் பாரம் பின்பக்கம் சாய்கிறது. பின்டயர் தரையை அழுத்திப் பிடிக்கிறது. முன்டயருக்கு இழுக்கும் வேலை இல்லாததால் ஸ்டீயரிங்கும் கைக்கு இதமாக இருக்கிறது.

ஆனால் ஈரச் சாலையில், வளைவின் நடுவே எண்ணெயை ஓங்கி மிதித்தால், அதே பின்டயர் பிடியை விட்டு, வண்டியின் வால் ஒரு பக்கமாக வீசும். நான்கு சக்கரமும் ஓடும் காரில் எஞ்சின் சக்தி பங்கிடப்படுவதால் ஒவ்வொரு டயருக்கும் வேலை குறைகிறது. ஒரு மூட்டையை இருவர் தூக்குவதற்கும் நால்வர் தூக்குவதற்கும் உள்ள வித்தியாசந்தான். 2002இல் நம் நாட்டுக் கரம்ஜித் சிங் புரோட்டோன் பெர்ட் காரில், உற்பத்திக் கார் பிரிவின் உலக ராலிப் பட்டத்தை வென்றாரே, அந்தக் கார் நான்கு சக்கர ஓட்டமுள்ளதுதான். சரளையிலும் சேற்றிலும் பாயும் வண்டிக்கு அது தேவை.

இங்கேதான் நாம் கவனிக்க வேண்டும். நான்கு சக்கர ஓட்டம் கிளம்புவதற்கும் ஏறுவதற்கும் உதவும், நிற்பதற்கு உதவாது. பிரேக் எந்தக் காரிலும் நான்கு சக்கரத்தையும்தான் பிடிக்கிறது. தாப்பாவிலிருந்து கேமரன் மலைக்கு ஏறும்போது அது கைகொடுக்கலாம். மழையில் இறங்கி வரும்போது எதிரே லோரி வந்துவிட்டால், காப்பாற்ற வேண்டியவை பிரேக்கும் டயரும்தான். வழுக்காமல் கிளம்புகிறதே என்ற தைரியத்தில் பையன்கள் வேகத்தைக் கூட்டிவிடுகிறார்கள். ஆசிரியர்களாகிய எங்களுக்குக் கவலை அதுதான்.

செலவும் உண்டு. கூடுதல் தண்டும் பல்சக்கரங்களும் சேர்வதால் வண்டியின் எடை ஏறும், எண்ணெய்ச் செலவும் கூடும். நான்கு டயரும் ஏறக்குறைய ஒரே அளவு தேய்ந்திருக்க வேண்டும். ஒரு டயர் வெடித்துப் போனால், சில வேளை நான்கையும் மாற்ற நேரிடும்.

"தோட்டத்துச் செம்மண் பாதைக்கு உதவுமே" என்பார்கள் சிலர். அது ஹைலக்ஸ் செய்கிற வேலை. தாழ்ந்த வேகக்காருக்கு எத்தனை சக்கரம் ஓடினாலும், மேட்டில் அடிவயிறு தட்டத்தான் செய்யும்.

பனி பெய்யாத நம் நாட்டில், தார்ச்சாலையில் ஓடும் காருக்குப் பின்சக்கர ஓட்டமே போதும் என்பது எங்கள் எண்ணம். ஆனால் சறுக்கலைத் தானே உணர்ந்து அடக்கும் மின்னணுக் கருவி அதில் இருக்கட்டும். இளங்கால்களுக்கு அது அவசியம். மிச்சமாகும் வெள்ளியை நல்ல டயருக்குக் கொடுக்கலாம். மரம் சீவிய குடும்பத்துக்கு ரப்பரின் அருமையை நாங்களா சொல்ல வேண்டும்?

காரைப் பார்க்கப் போகும் அன்று தகப்பனாரும் கூடப் போங்கள். டயரின் வரிப்பள்ளங்களுக்குள் குறுக்கே சிறு ரப்பர் மேடுகள் இருக்கும். அவற்றின் உயரம் 1.6 மில்லிமீட்டர். டயர் அந்த மேட்டுக்குச் சமமாகத் தேய்ந்திருந்தால், அதை மாற்றித் தந்த பிறகே கையெழுத்துப் போடுவதாகக் கடைக்காரரிடம் சொல்லிவிடுங்கள்.