வானொலியின் வாயைக் கட்டிவிட்டுப் போட்டி என்பதா?

(சூலூரில் விசைத்தறித் தொழிலாளர்கள், விவசாயிகள் மத்தியில் நிகழ்த்திய உரையின் எழுத்து வடிவம்)

"ரேடியோவெல்லாம் இப்ப யாருங்க கேக்கறாங்க?" - டீக்கடையிலும் தறிக்குடோன் வாசலிலும் நாம் அடிக்கடி கேட்கும் கேள்வி இது. வீட்டுக்கு வீடு டெலிவிஷன், கைக்குக் கை செல்போன், அதற்குள் இணையம். இவற்றோடு வானொலி போட்டி போட முடியுமா? கேள்வி நியாயமானதுதான். ஆனால் ஓட்டப் பந்தயத்தில் ஒருவன் காலை மட்டும் கயிற்றால் கட்டிவிட்டு, "இவன் ஓடத் தெரியாதவன்" என்று தீர்ப்புச் சொன்னால் நாம் ஒப்புக்கொள்வோமா? கயிற்றைக் கட்டியது யார் என்றுதானே முதலில் கேட்போம்!

வானொலிக்கும் நம் பக்கத்துக்கும் உள்ள உறவு பழையது. இதோ இருக்கிற கலங்கலில் பிறந்த ஜி.டி. நாயுடு, ஐந்து வால்வு ரேடியோப் பெட்டியை 70 ரூபாய்க்குச் செய்து கொடுக்க முடியும் என்று 1941லேயே அறிவித்தார். அவர் முதலாளிதான், எனினும் ரேடியோ பங்களாக்களுக்கு மட்டும் உரியதல்ல என்று கண்டவர். 1939ல் திருச்சி நிலையமும் 1966ல் கோவை நிலையமும் வந்தன. பஞ்சாயத்து ரேடியோவின் குழாய் ஒலிபெருக்கியைச் சுற்றி ஊரே உட்கார்ந்து செய்தி கேட்ட காலத்தைப் பெரியவர்கள் மறந்திருக்கமாட்டார்கள். 1960களில் தஞ்சை ஜில்லாவில் ஏ.டி.டி. 27 என்ற புது நெல் ரகம் பரவியபோது, அதற்கு விவசாயிகள் வைத்த பெயர் என்ன தெரியுமா? ரேடியோ நெல்! வானொலியில் கேட்டு விதைத்ததால் அந்தப் பெயர். எழுதப் படிக்கத் தெரியாத உழவனின் வயலுக்குள்ளே ஒரு குரல் போய்ப் பயிராயிற்று. இன்றைய எந்த விளம்பரக் கம்பெனிக்கு இந்தப் பாக்கியம் கிடைத்திருக்கிறது?

ஆனால் அதே வானொலி ஜனங்களை உதாசீனம் செய்தபோது என்ன நடந்தது? 1952ல் மத்திய மந்திரியாக வந்த கேஸ்கர், சினிமாப் பாட்டு ரசனையைக் கெடுக்கிறது என்று சொல்லி, அதை அகில இந்திய வானொலியிலிருந்து விரட்டினார். ஜனங்கள் வாதாடவில்லை. முள்ளைத் திருப்பி இலங்கை வானொலியில் வைத்தார்கள்! கடல் தாண்டிப் போன காதுகளைத் திரும்பக் கொண்டுவர 1957ல் விவித் பாரதியைத் தொடங்க வேண்டியதாயிற்று. அன்றைக்கு டெலிவிஷன் ஏது, இணையம் ஏது? வானொலி நேயர்களை இழந்தது கேட்பவனை மதிக்காத குற்றத்தினால். இன்றைய கதையிலும் பாதி இதுவேதான் என்பது நம் அபிப்பிராயம்.

மறு பாதியையும் மறைக்காமல் சொல்லிவிடுவோம். 1975ல் சென்னைத் தொலைக்காட்சி நிலையம் வந்தது; 1993ல் சன் டி.வி. வந்தது, 2006க்குப் பிறகு மாநில சர்க்காரே இலவசக் கலர் டி.வி. கொடுத்தது. கண்ணுக்கு விருந்து வைக்கும் இடத்தில் காது தோற்பது இயற்கை. கிரிக்கெட்டையும் சினிமாவையும் வானொலி இனி மீட்க முடியாது, மீட்கவும் வேண்டாம். 76 வருஷம் ஒலித்த பி.பி.சி. தமிழோசையே 2017 ஏப்ரல் 30ந் தேதி சிற்றலையில் ஓய்ந்துவிட்டது.

அப்படியானால் வானொலிக்கு மிஞ்சியது என்ன? உழைப்பவனின் காது! முதலாளி விலைக்கு வாங்கியிருப்பது நம் கையையும் கண்ணையும். தார் சுற்றுகிற பெண், தென்னந்தோப்பில் மட்டை உரிக்கிறவர், லாரி ஓட்டுகிறவர், வீட்டில் அடுப்படியில் நிற்கிற தாய் - இவர்கள் எப்படித் திரையைப் பார்த்துக்கொண்டே வேலை செய்வது? காது ஒன்றுதான் மிச்சம். (விசைத்தறி ஓடும் குடோனுக்குள் அந்தக் காதும் மிச்சமில்லை, அது வேறு அநியாயம், வேறொரு கூட்டத்தில் பேசுவோம்.)

காசுக் கணக்கையும் பாருங்கள். ஒரு டிரான்ஸ்மிட்டர் ஒலிபரப்புவதை ஒருவர் கேட்டாலும் செலவு அதேதான், லட்சம் பேர் கேட்டாலும் அதேதான். இணையமோ ஆளுக்கு ஆள், மாதத்துக்கு மாதம் வசூல் செய்கிறது. 2024 ஜூலையில் ஜியோ, ஏர்டெல், வோடபோன் ஐடியா மூன்றும் ஒரே வாரத்தில் கட்டணத்தை ஏற்றின. ரீசார்ஜ் செய்யாவிட்டால் இணையம் ஊமை. 2018 நவம்பரில் கஜா புயல் அடித்தபோது மின்கம்பங்கள் சாய்ந்து டெல்டாக் கிராமங்கள் நாட்கணக்கில் இருளில் கிடந்தன. டி.வி. இல்லை, செல்போனுக்கு சார்ஜ் இல்லை. அப்படிப்பட்ட இரவில் இரண்டு பாட்டரிக் கட்டையில் பாடுவது எது?

இவ்வளவு பலம் இருந்தும் வானொலி ஏன் நொண்டுகிறது? இங்கேதான் கயிறு தெரிகிறது, தோழர்களே! டி.வி. சேனல் செய்தி சொல்லலாம். யூடியூபில் யாரும் செய்தி சொல்லலாம். வாட்ஸ்அப்பில் வதந்தியையே செய்தி என்று சொல்லலாம். ஆனால் தனியார் எஃப்.எம். நிலையமோ சமுதாய வானொலியோ சொந்தமாகச் செய்தி சொல்லக் கூடாது! அகில இந்திய வானொலியின் செய்தியை அப்படியே அஞ்சல் செய்யலாம், அவ்வளவுதான். காற்றலைகள் பொதுச் சொத்து என்று சுப்ரீம் கோர்ட் 1995லேயே தீர்ப்பளித்த தேசத்தில் இந்த நிலை!

எஃப்.எம். முதலாளிகளுக்கு நாம் வக்காலத்து வாங்கவில்லை. நம் கவலை வேறு. சோமனூர், பல்லடம் வட்டாரத்தில் கூலி உயர்வு கேட்டுத் தறிகள் நின்றால், பேச்சுவார்த்தை என்னாயிற்று என்பதை யார் சொல்வது? பி.ஏ.பி. வாய்க்காலில் எந்த மடைக்கு எப்போது தண்ணீர்? நூல் விலை என்ன? நொய்யலில் சாயக் கழிவு எங்கே கலக்கிறது? சென்னை ஸ்டுடியோவுக்கு இது துணுக்கு. நமக்கு இது சோறு. 20 கிலோமீட்டர் வட்டத்துக்குள் பேசும் ஒரு சின்ன நிலையம் இதைச் சொன்னால் எந்தச் சேனலும் அதோடு போட்டி போட முடியாது. பாம்பனில் 2016ல் தொடங்கிய கடல் ஓசை, மீனவருக்காகவே பேசிக் காட்டியிருக்கிறது. ஆனால் நெசவாளிக்காக ஒரு நிலையம் தொடங்கிக் கூலிப் போராட்டச் செய்தியை வாசித்தால், அது உரிம விதி மீறல்!

வானொலி செத்துவிட்டது என்பவர்களை ஒன்று கேட்கிறோம். அப்படியானால் பிரதமர் 2014 அக்டோபர் 3 முதல் மாதாமாதம் வானொலியில் ஏன் 'மனதின் குரல்' பேசுகிறார்? அதே வருஷங்களில்தான், 2017 ஆகஸ்டு 15 அன்று, திரிபுரா முதலமைச்சர் தோழர் மாணிக் சர்க்காரின் சுதந்திர தின உரையை மாற்றி எழுதித் தந்தால்தான் ஒலிபரப்புவோம் என்று வானொலியும் தூர்தர்ஷனும் மறுத்தன. ஒரு மனதின் குரலுக்கு தேசம் முழுவதும் அலைவரிசை. இன்னொரு குரலுக்குக் கத்திரிக்கோல். செத்த சாதனத்துக்கு யாராவது இப்படிக் காவல் போடுவார்களா?

இணையத்தில் எல்லோரும் பேசலாமே என்று இளைஞர்கள் கேட்பார்கள். கேட்பவனும் பேச வழி வேண்டும் என்று ஜெர்மன் நாடகாசிரியர் பிரெக்ட் 1932லேயே வானொலியைப் பற்றிச் சொன்னார். இணையம் அந்த வழியைத் திறந்தது உண்மை. நம் குடோன்களில் வேலை செய்யும் ஒரியாத் தொழிலாளி தன் பாஷையைச் செல்போனில்தான் கேட்கிறான். கோவை வானொலி அவனுக்காகப் பேசவில்லையே! ஆனால் யார் பேச்சு யார் காதுக்குப் போகும் என்று தீர்மானிப்பது கூகுளும் மெட்டாவும். அந்தக் கணக்கு நமக்குக் காட்டப்படுவதில்லை.

இன்னொரு வேடிக்கை. செல்போனுக்குள்ளேயே எஃப்.எம். கேட்கும் வசதியைச் சேர்க்க முடியும். இணையமில்லாமல், காசில்லாமல் கேட்கலாம். புது மாடல்கள் பலவற்றில் அது இல்லை, அல்லது முடக்கப்பட்டிருக்கிறது. அதைத் திறந்து வையுங்கள் என்று மத்திய சர்க்கார் 2023ல் கம்பெனிகளுக்கு ஆலோசனை சொன்னது. உத்தரவு அல்ல, ஆலோசனை!

ஆகவே நம் கோரிக்கைகள் பெரியவை அல்ல. சமுதாய வானொலிக்குச் செய்தி சொல்லும் உரிமை வேண்டும், தனியார் எஃப்.எம்.மில் மணிக்கு 10 நிமிடம் செய்தி அனுமதிக்கலாம் என்று டிராய் 2023 செப்டம்பரில் பரிந்துரைத்ததே, சங்கமும் கூட்டுறவும் நடத்தும் சின்ன நிலையத்துக்கு ஏன் கூடாது? கோவை நிலையத்தின் நிகழ்ச்சிகள் கோவையிலேயே தயாராக வேண்டும். தறித் தொழிலாளிக்கும் வெளிமாநிலத் தொழிலாளிக்கும் அதில் தனி நேரம் வேண்டும். செல்போனில் எஃப்.எம். கட்டாயமாக வேண்டும். இவற்றை மனுவாக எழுதியிருக்கிறோம். ஷிப்டு முடிந்து போகிறவர்களிடமும் சந்தைக்கு வருகிறவர்களிடமும் கையெழுத்து வாங்க, ஆளுக்கொரு தாள் இங்கே மேஜை மேல் இருக்கிறது.