துணிக்கடைக்காரர், கணக்குப்பிள்ளை, பாதிரியார்: ஸ்விஃப்டின் முகமூடிகள்

இன்னைக்கு ஒரு கணக்குல ஆரம்பிக்கிறேன். அயர்லாந்தில் வருஷத்துக்கு 1,20,000 ஏழைக் குழந்தைகள் பிறக்கிறார்கள். அதில் 20,000 பேரை இனப்பெருக்கத்துக்கு ஒதுக்கிவிடலாம். மீதி 1,00,000 பேரை, ஒரு வயசு ஆனதும், பணக்காரர்கள் சமையலறைக்கு விற்றுவிடலாம். வளர்க்கிற செலவு 2 ஷில்லிங், விலை 10 ஷில்லிங். அம்மாவுக்கு 8 ஷில்லிங் லாபம்.

1729இல் டப்ளினில் பெயர் போடாமல் வந்த ஒரு சின்னப் பிரசுரத்தின் கணக்கு இது. எழுதியவர் ஜோனதன் ஸ்விஃப்ட். ஆமா, 'கலிவரின் பயணங்கள்' எழுதியவர்தான். கதீட்ரல் ஒன்றில் தலைமைப் பாதிரியார் வேற.

காலேஜ்ல இதோட ஜெராக்ஸ் கையில கிடைச்சப்போ எனக்கு இது எதுவும் தெரியாது. முதல் பக்கத்துல தலையாட்டிக்கிட்டேதான் படிச்சேன். தெருவெல்லாம் பிச்சையெடுக்கிற அம்மாக்கள், அதுக்கு ஒரு தீர்வு, பக்கத்துல புள்ளிவிவரம். ரொம்பப் பொறுப்பான ஆளா இருக்காரேன்னு தோணிச்சு. 'சமைக்கலாம்'னு வந்த இடத்துலதான் தூக்கிவாரிப் போட்டுச்சு. எண்கள் வரிசையா வந்தா நம்ம மூளை எவ்வளவு சுலபமா கூடவே நடந்துடுதுன்னு அன்னைக்குத்தான் புரிஞ்சுது.

பிரசுரத்தில் பேசுகிறவர் ஸ்விஃப்ட் இல்லை. நாட்டுக்கு நல்லது செய்யத் துடிக்கிற ஒரு பொருளாதார நிபுணர். ரொம்ப நேர்மையானவரும்கூட! என் கடைசிப் பிள்ளைக்கு ஒன்பது வயசு, மனைவிக்கு இனி குழந்தை பிறக்காது, அதனால் எனக்கு இதில் சல்லிக்காசு லாபமில்லை என்று கடைசியில் சொல்லிக்கொள்கிறார்.

ஆனா அதுக்குக் கொஞ்சம் முன்னாடி ஒரு பத்தி இருக்கு. இங்கிலாந்தில் உட்கார்ந்து வாடகை வாங்குகிற நிலச்சுவான்தார்களுக்கு வரி போடலாம், உள்ளூர்த் துணியை வாங்கலாம் என்றெல்லாம் யாரும் என்னிடம் வரவேண்டாம் என்கிறார் நிபுணர். அதெல்லாம் ஸ்விஃப்டே பல வருஷமாகக் கேட்டு, யாரும் காதில் வாங்காத விஷயங்கள். முகமூடி நழுவுற இடம் இதுதான். சிரிப்பு நின்னுபோய், ஒரு மனுஷனோட களைப்பு தெரியுது.

இதற்கு ஐந்து வருஷம் முன்னால் அவர் போட்டிருந்தது முற்றிலும் வேறு முகமூடி. வில்லியம் வுட் என்ற ஆங்கிலேய வியாபாரிக்கு அயர்லாந்துக்கான செப்புக்காசு அடிக்கிற உரிமை கொடுக்கப்பட்டது. அயர்லாந்தில் யாரையும் கேட்கவில்லை. 1724இல் 'எம்.பி.' என்று கையெழுத்திட்ட ஒரு துணிக்கடைக்காரர் கடிதங்கள் எழுத ஆரம்பித்தார். பெரிய சட்டமெல்லாம் பேசினாலும், அவருடைய பலம் கல்லாப்பெட்டிக் கணக்குதான். இந்தக் காசிலேயே பெரிய நிலக்காரர் தன் வாடகையை ஊருக்குக் கொண்டுவரணும்னா இருநூறுக்கும் மேல குதிரை வேணும்னு அவர் சொன்னது, தெருவில போற எல்லாருக்கும் புரிஞ்சுது.

எழுதியவரைக் காட்டிக்கொடுத்தால் 300 பவுண்டு என்று அரசு அறிவித்தது. டப்ளினில் பாதிப் பேருக்கு ஆள் யாருன்னு தெரியும். ஒருத்தரும் வாயைத் திறக்கலை. 1725இல் வுட்டின் உரிமை ரத்தானது.

இங்கே ஒரு பெயரைச் சொல்லாம நகர எனக்கு மனசில்லை: ஜான் ஹார்டிங். அந்தக் கடிதங்களை அச்சடித்தவர். பாதிரியாருக்கு முகமூடி இருந்தது. அச்சகக்காரருக்கு இல்லை, முகவரி தாளிலேயே இருந்தது. கைது செய்தார்கள். 1725இல் இறந்துபோனார். 1729இல் அந்தக் குழந்தைக் கணக்கை அச்சடித்தது யார் தெரியுமா? அவருடைய மனைவி சாரா ஹார்டிங்.

அப்போ ஸ்விஃப்ட் ஏழைகளின் நண்பரா? எனக்கு அவ்வளவு சுலபமா 'ஆமா' வரலை. 1737இல் அவர் இன்னொரு யோசனை வெளியிட்டார். டப்ளின் பிச்சைக்காரர்கள் எல்லாரும் தங்கள் திருச்சபைப் பகுதியின் அடையாள வில்லை அணியவேண்டும், வெளியூர்க்காரர்களை நகரத்தை விட்டே துரத்தவேண்டும். இதில் எந்த முகமூடியும் இல்லை, கேலியும் இல்லை. அதைப் படிச்சிட்டு 1729 பிரசுரத்துக்குத் திரும்பிப் போங்க. அந்த நிபுணரோட குரலை ஸ்விஃப்ட் எங்கேயோ தூரத்துல கேட்டு எழுதின மாதிரி எனக்குத் தோணலை.